தலைவர் வீட்டுத் தீர்த்தப் போத்தல்

எங்கம்மா கஹவத்தைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துல புள்ளக்காம்பரா ஆயா. கொழுந்துக்குப் போற பொம்பளைங்க காலையில கைப்புள்ளைய விட்டுட்டுப் போற எடம் அது. கொதிக்க வைக்காத தண்ணிய இருபது வருசத்துல ஒரு புள்ளைக்கும் அவ குடுத்ததில்ல. "எம்புள்ளைங்க"ன்னுதான் சொல்லுவா, எனக்கே பொறாமையா இருக்கும்.

அந்த வருசம் கோயில் திருவிழா முடிஞ்ச வாரம் பதினோரு புள்ளைங்களுக்கு வயித்தால போயி காய்ச்சல். அதுல ஒண்ணு கோயில் தலைவரோட பேத்தி. ஆஸ்பத்திரியில பாத்தா சல்மொனெல்லா கிருமி. காம்பராவுல வேல செய்றவன்னு அம்மாவையும் டெஸ்ட் பண்ணுனாங்க. அவளுக்கு ஒரு நோவும் இல்ல, ஆனா அவ குடல்லயும் சல்மொனெல்லா. அவ்வளவுதான்! தலைவர் பெரட்டுக்களத்துல, காலையில வேலைக்குப் பேர் கூப்புடுற எடத்துல, எல்லார் முன்னாடியும் "ஆயா கைதான் வெசம்"னு சொல்லிட்டாரு. தோட்டத்த நடத்துற துரை அம்மா வேலைய நிறுத்திட்டாரு. மாசக் கடைசியில விசாரணை, வேற ஆயா வரப்போறான்னு பேச்சு.

நான் அப்ப கொழும்புல பாக்டீரியா ஆராய்ச்சி படிச்சுக்கிட்டிருந்தேன். அம்மா கம்யூனிகேசன் கடையில இருந்து போன் பண்ணுனா. "ஊர் வாய மூட ஒலமூடி ஏது, அது கெடக்கட்டும். நெசமா நான்தான் குடுத்திருப்பேனாடி?"ன்னு கேட்டா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

எங்க தோட்டத்துல ஒரே பேர்ல ஆறு பேர் இருக்காங்க. அவங்க குடியிருக்கிற லயத்து நம்பரையும் சேத்துக் கூப்பிட்டாத்தான் சரியான ஆள் வரும். சல்மொனெல்லாவும் அப்படித்தான். பேர் ஒண்ணுன்னா ஆள் ஒண்ணா? கிருமியோட டீஎன்ஏவ நொதியால வெட்டி ஜெல்லுல ஓடவிட்டா துண்டெல்லாம் கோடு கோடா நிக்கும். ஒரே வம்சம்னா கோடும் ஒண்ணாவே இருக்கும். எங்க சிங்கள மேடத்துக்கிட்ட சொன்னேன். "ஹரி, கரலா பலமு"ன்னாங்க, செஞ்சு பாப்போம்னு. ஆஸ்பத்திரிக்கு எழுதி புள்ளைங்க கிருமியையும் அம்மா கிருமியையும் வாங்கித் தந்தாங்க.

சரி, அம்மா குடுக்கலைன்னா புள்ளைங்க பச்சத்தண்ணி எங்க குடிச்சதுங்க? தோட்டத்துக்கு பஸ்ஸுல வரும்போதுதான் பொறி தட்டுச்சு. அட, தீர்த்தம்! தீர்த்தத்த யாராச்சும் கொதிக்க வைப்பாங்களா? திருவிழாவுக்குக் கரகம் பாலிச்ச, அதான் கரகத்த சோடிச்சுத் தூக்குன ஊத்துல மொண்டு, கைப்புள்ளைங்க நாக்குலயும் விட்டாங்க. மிச்சத்தப் போத்தல்ல அடைச்சு சாமித்தட்டுல வைக்கிறது எங்க வழக்கம். நேரா தலைவர் வீட்டுக்கே போயி, டெஸ்ட் பண்ணத்தான்னு சொல்லியே கேட்டேன்.

"தீர்த்தத்துல கிருமியா? கொண்டு போ, நல்லாப் பாரு!"ன்னு சிரிச்சுக்கிட்டே முழுப் போத்தலையும் குடுத்தாரு.

லேப்புல அந்தத் தீர்த்தத்துலயும் சல்மொனெல்லா வளந்துச்சு. மேடம் பதிமூணு குழாய்க்கும் நம்பர் மட்டும் ஒட்டுனாங்க. உங்கம்மா விசயம், எது யாருதுன்னு உனக்குத் தெரியக்கூடாதுன்னுட்டாங்க. படம் வந்துச்சு. பன்னிரண்டு ஒரே கோடு. ஒண்ணு மட்டும் எதோடயும் சேரல. மேடம் பட்டியலத் திருப்பிக் காட்டுனாங்க. பதினோரு புள்ளையும் தலைவர் போத்தலும் ஒரு வம்சம், தனியா நின்னது எங்கம்மா. நான் லேப்புன்னும் பாக்காம கத்திட்டேன்.

விசாரணையில அந்தப் படத்த மேசையில விரிச்சேன். விசாரிக்க வந்தவங்க ஊத்துக்கு மேல மழையில சரிஞ்ச கக்கூஸ் குழியையும் போயி பாத்துட்டு வந்தாங்க. தலைவர் படத்த மூணு தடவ பாத்தாரு. "என் சாமித்தட்டுலயா..."ன்னாரு. அம்மா மருந்து குடிச்சு, டெஸ்ட் சுத்தமானதும் வேலைக்குப் போனா.

அடுத்த வருசத் திருவிழாவுக்குத் தலைவரே தீர்த்தக் கொடத்தத் தூக்கிக்கிட்டு காம்பராவுக்கு வந்தாரு.

"ஆயா, நீங்களே கொதிக்க வச்சுக் குடுங்க."

"நல்லாத் தளைக்கட்டும், நில்லுங்க"ன்னு அம்மா அவர அடுப்பு மொகத்துலயே நிக்க வச்சா. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல.

கோயில்ல பூசாரி மொதத் தீர்த்தத்த அம்மா கையிலதான் ஊத்துனாரு. அவ குடிக்கல. பக்கத்துல தலைவர் இடுப்புல இருந்த பேத்தியப் பாத்தா. தலைவர் அவரே குனிஞ்சு, "வாயத் தொறடா தங்கம், ஆயா கையால குடி"ன்னாரு.