தங்க ரேக்கும் கடல்பாசியும்

தூரிகையைக் கன்னத்தில் தடவிக்கொள்ளும்போதெல்லாம் மைத்துனன் ஞாபகம் வந்துவிடுகிறது. அணில் முடியில் செய்த, சீப்பு போலத் தட்டையான தூரிகை. ஊதினால் பறக்கும் மெல்லிய தங்கத் தகடான ரேக்கை விரலால் தொட்டால் அது விரலோடு போய்விடும். தூரிகையைக் கன்னத்தில் ஒருமுறை இழுத்தால் முகத்து எண்ணெய் கொஞ்சம் ஒட்டும். அந்தப் பிசுக்கில் ரேக்கு தானாக எழுந்து வரும். ஆழ்வார்பேட்டையில் விளம்பர வாசகம் எழுதும் வேலை போன பிறகு, மேற்கு மாம்பலத்தில் மனைவியின் தம்பி நடத்திய போர்டு கடையில் தொழில் கற்றுக்கொள்ளப் போய் நின்றேன். என்னிடம் அவன் கண்ட ஒரே தகுதி இந்த முகம்தான். "மூஞ்சில நல்லா எண்ணெ கீது மாமா. கடைக்கு ஆவும்" என்றான். நான் படித்திருந்த புத்தகங்களைப் பற்றி அவன் விசாரிக்கவில்லை.

கண்ணாடி போர்டில் எல்லா வேலையும் பின்பக்கம்தான். எழுத்தைத் திருப்பி அச்சடித்தால்தான் முன்பக்கம் நேராகத் தெரியும். வலைச் சட்டத்தை வைத்து, ரப்பர் பட்டையால் மையை இழுத்து, நான் தனியாகச் செய்த முதல் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் எழுத்து பின்பக்கம் மிக நேராக விழுந்தது. பல் டாக்டர் ஒருவரின் பெயர் தெருவுக்கு இடவலம் மாறிப் போனது. "இன்னா மாமா, மொகம் பாக்குற கண்ணாடி எடுத்துகினு வந்தாத்தான் பல்லு புடுங்குவாரா?" என்று கேட்டுவிட்டு, அவனே அதைச் சுரண்டி எடுத்தான்.

அப்போதுதான் மயிலாப்பூரில் மெஸ் நடத்தும் மாமி, 'சுத்த சைவம்' என்று தங்க எழுத்தில் ஒரு போர்டு கேட்டார். தங்க எழுத்தைக் கற்றுவைத்துக்கொண்டு அவன் காத்திருந்த, கடைக்கு வந்த முதல் தங்க வேலை. மாட வீதிக்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற இடம். இது நன்றாக அமைந்தால் மேலும் வேலை வரும். இல்லையென்றால் அவன் பழையபடி பிறந்தநாள் பேனருக்கே போகவேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சித்திரை வெயிலில் மூச்சையும் அடக்கிக்கொண்டு ரேக்கை ஒட்டினோம். பசை, மருந்து அடைக்காத காலி கேப்ஸ்யூல் கூடுகளை வெந்நீரில் கரைத்தது. கண்ணாடி பொன்னாக மின்னியபோது, அறிவை வெளியிட்டே பழகிய வாய் திறந்துகொண்டது. "இந்தக் கூடு ஜெலட்டின். மாட்டெலும்பு, தோல் எல்லாம் காய்ச்சி எடுக்கறது" என்றேன்.

அவன் கையிலிருந்த பஞ்சு அப்படியே நின்றது. "ஒட்டுறதுக்கு முன்னாடி சொல்ல மாட்டியா மாமா?"

"விட்டுடு மச்சான். போர்ட யாரு நக்கிப் பாக்கப் போறாங்க?"

"நக்க வாணாம். நாளைக்கு அங்கயே துன்னுகினு நீயே யார்கிட்டயாவது கத சொல்லுவ. உன் வாயி எனக்குத் தெரியாதா?"

தெரிந்திருந்தது. மாமியிடமே சொல்லிவிடுவது என்று போனோம். போர்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று அவன் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தான். மாமி குழம்புக் கரண்டியோடு முழுவதையும் கேட்டார். "நானே தெனம் கேப்ஸ்யூல் முழுங்கறேன். அது உடம்புக்கு, டாக்டர் பாத்துப்பார். போர்டு பொய் சொல்லப்படாது" என்றார். அவன் முகம் விழுந்துவிட்டது. "ஏண்டாப்பா முழிக்கறே? எங்காத்துல கடல்பாசி இருக்கு. பாலோட காய்ச்சி வெச்சா கெட்டியா நிக்கறதே, உன் தங்கம் நிக்காதோ?"

கண்ணாடியை மெஸ்ஸின் பின்கட்டுக்கே கொண்டுவந்து ரேக்கைக் கழுவி விட்டோம். தங்கம் சாக்கடையில் போவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். கடல்பாசியில் முதல் முயற்சி பனி படர்ந்த மாதிரி மங்கி, உரிந்து வந்தது. மாமி எட்டிப் பார்த்து, "இது பாயசம். தெளிவு ரசம் மாதிரி இருக்க வேண்டாமோ?" என்றார். நீர்க்கக் காய்ச்சி, வேட்டித் துணியில் வடிகட்டி, ஆறி உறைவதற்குள் ஒட்டினோம். நின்றது. தங்கத்தின் மேல் எழுத்தை அச்சடித்து, மை காய்ந்ததும் எழுத்துக்கு வெளியே மிஞ்சிய தங்கத்தை ஈரப் பஞ்சால் துடைத்தபோது 'வ' மட்டும் கொஞ்சம் மங்கலாக இருந்தது. மாற்றித் தருகிறேன் என்றான் மைத்துனன். "இருக்கட்டும். சமைக்கற எடத்துல ஆவி படாதா?" என்று மாமி போர்டு மாட்ட வேண்டிய ஆணியைக் காட்டினார்.

அந்த போர்டைப் பார்த்து வந்த வேலைகள்தான் அவனை மஸ்கட் வரை கொண்டுபோயின. அங்கே ஓட்டல்களுக்குத் தங்க எழுத்து ஒட்டுகிறான். கடை இப்போது என் பொறுப்பு. என் முகம் காய்ந்துவிட்டது. தூரிகையைத் தடவுவதற்கு முன் கன்னத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் அவன் போன் செய்வான். கடையைப் பற்றியோ என்னைப் பற்றியோ கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பான்.

"மாமா, அந்த 'வ' கீதா?"

"கீது" என்கிறேன். மதியம் அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டிருப்பேன், யாரிடமும் கதை சொல்ல வாயைத் திறக்காமல்.