கம்போ மண்ணில் ஒரு பகல்

பேட்லேண்ட்ஸ் பூங்காவுக்கு வருகிறவர்களிடம் லொரிண்டா ஹை ஹாக் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். "ஆளுக்கு ரெண்டு பாட்டில் இருக்கா? இல்லாட்டி வேன்ல ஏறாதீங்க" என்பாள். மற்றவை அப்புறம் வரும். பழைய எலும்பு கண்ணில் பட்டால் தொடக்கூடாது, கிடந்த இடத்திலேயே படம் எடுத்து அலுவலகத்தில் காட்ட வேண்டும். காட்டெருமை வாலைத் தூக்கினால் ஓடிவந்துவிட வேண்டும். மழைக்குப்பின் மண்பாதையில் வண்டி போகக்கூடாது. பாறை இடுக்கில் கையை விட்டால் பாம்புக்கு அவள் பொறுப்பில்லை.

பூங்காவின் உணவு விடுதியில் பாத்திரம் தேய்த்து, பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டி, கணவன் இறந்தபின் இந்தப் பழைய வேனை வாங்கிப் பதினாறு வருடமாக வழிகாட்டியாக இருக்கிறாள். வயது ஐம்பத்தாறு. அழுதவர்களை, மயங்கி விழுந்தவர்களை, ஏணிப் பாதையின் உச்சியில் இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டவர்களை எல்லாம் பத்திரமாகக் கீழே இறக்கியிருக்கிறாள். ஆனால் அந்த ஜூன் மாதக் காலையில் விடுதி வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்ததும் அவள் வேனை வாசலைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

வந்தவள் கிறிஸ்டின். ஒஹையோவில் பல் மருத்துவரிடம் வேலை செய்கிறவள். லொரிண்டாவின் ஒரே தங்கை.

இரண்டு வயதில் லியோனா என்று பெயர் இருந்தது அவளுக்கு. ஒரு காரில் வந்த அதிகாரிகள், வீட்டில் தண்ணீர்க் குழாய் இல்லை என்று எழுதிக்கொண்டு அவளைத் தூக்கிப் போனார்கள். பூர்வகுடிப் பிள்ளைகளை அந்த நாளில் அப்படித்தான் பிடித்துப் போய் வெள்ளைக்காரர்களுக்குத் தத்துக் கொடுத்தார்கள். ஒன்பது வயது லொரிண்டா அந்தக் காரின் பின்னால் செருப்பில்லாமல் ஓடினாள். நாற்பத்தேழு வருடம் ஆகிவிட்டது. போன குளிர்காலத்தில்தான் அவளிடமிருந்து கடிதம் வந்தது. அதற்குள் அம்மா ஆக்னஸ் மண்ணுக்குள் போய் ஐந்து வருடம்.

கிறிஸ்டின் கட்டிப்பிடிக்கவில்லை. கையை நீட்டிக் குலுக்கினாள்.

"லொரிண்டா, முதல்லயே சொல்லிடறேன். எனக்கு இன்னிக்கு ஒரு நாள்தான் இருக்கு. நாளைக்குக் காலைல விமானம். நான் பார்க்க வேண்டியதெல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

"காட்டு."

ஏணிப் பாதை, பிரெய்ரி நாய்கள், புதைபடிவ ஆய்வுக்கூடம், மேட்டிலிருந்து சூரிய அஸ்தமனம்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. நான் ஒண்ணு சேத்துக்கறேன். அம்மாவோட கல்லறை."

கிறிஸ்டினின் முகம் இறுகியது. "என் தத்துக் காகிதத்துல அம்மா சம்மதிச்சுக் கொடுத்தாங்கன்னு எழுதியிருக்கு. கீழ கையெழுத்தும் இருக்கு. கொடுத்தவங்களத் தேடி நான் வரல. இந்த ஊரு எப்படி இருக்கும்னு பார்க்க வந்தேன், அவ்வளவுதான்."

அம்மாவுக்குக் கையெழுத்தே போடத் தெரியாது, கைநாட்டுதான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது லொரிண்டாவுக்கு. கத்தவில்லை. வாயால் சொன்னால் இவள் நம்பமாட்டாள். சாகும்போது அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்: "அவ வந்தா எங்கிட்டக் கூட்டிட்டு வா." சூரியன் சாய்வதற்குள் இவளை அந்தக் கல்லறை முன் நிறுத்துவது என்று லொரிண்டா தீர்மானித்தாள். வேனைக் கிளப்பினாள்.

ஏணிப் பாதையில் கட்டைகளைக் கம்பிக் கயிற்றில் கோத்துச் செங்குத்தாகச் சாய்த்திருப்பார்கள். கிறிஸ்டின் மளமளவென்று ஏறிவிட்டாள். உச்சியில் பாறை விளிம்பு கத்தி வெட்டியதுபோல் முடிகிறது. கீழே வெள்ளாற்றின் சமவெளி. தெற்கே நீலமாகத் தெரிந்த மேட்டைக் காட்டி, "அது என்ன?" என்று கேட்டாள்.

"நம்ம ஊரு. நீ பொறந்தது அந்தப் பக்கந்தான்."

கிறிஸ்டின் அந்த மேட்டையே பார்த்தாள். கேமராவை எடுக்கவில்லை.

இறங்கும்போது கட்டைகள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் எல்லோருக்கும் கால் உதறும். லொரிண்டா முன்னால் இறங்கி, தங்கையின் ஒவ்வொரு காலையும் கணுக்காலில் பிடித்துக் கட்டையின்மேல் வைத்தாள். கையில் பிடித்த அந்தக் கணுக்கால் அம்மாவுடையது போலவே எலும்பும் நரம்புமாக இருந்தது. லொரிண்டாவின் கண் நிறைந்தது. துடைக்கக் கை இல்லை.

பிரெய்ரி நாய்கள் என்கிற புல்வெளி அணில்கள் வளைகளிலிருந்து எட்டிப் பார்த்துத் திட்டுவதைக் கேட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் ஊசியால் மண்டையோட்டைச் சுரண்டுவதை அரைமணி நேரம் பார்த்தார்கள். வெளியே வந்தபோது வானம் கறுத்திருந்தது. முக்கால் மணி நேரம் மழை அடித்து ஊற்றியது.

மழை பட்டால் அந்த மண்ணுக்குப் பெயர் கம்போ. சக்கரத்தைப் பிடித்தால் விடாது. மழைக்குப்பின் மண்பாதையில் ஓட்டக்கூடாது என்று பதினாறு வருடமாக ஊருக்கெல்லாம் சொன்னவள் அன்று நேராகத் தெற்கே திருப்பினாள். கல்லறைக்கு ஒன்றரை மைல் இருக்கும்போது வேன் அச்சுவரை இறங்கி நின்றுவிட்டது.

"நீங்களே தானே காலைல சொன்னீங்க, மழையில வரக்கூடாதுன்னு!" கிறிஸ்டின் வெடித்தாள். "எனக்கு விமானம் இருக்கு லொரிண்டா. யாரையாவது கூப்பிடுங்க. நான் திரும்பிப் போகணும்."

"இங்க போன் எடுக்காது. நட, ஒன்றரை மைல்தான்."

"வர முடியாது."

அப்போது வேலி ஓரமாக ஒரு குதிரை வந்தது. மேலே மெல்வின், லொரிண்டாவின் கொழுந்தன். அண்ணியைக் கண்டால் கேலி செய்யாமல் விடுவது அவர்கள் வழக்கத்தில் மரியாதைக்குறைவு.

"என்ன அண்ணி, வேனை நட்டு வச்சிருக்கீங்க? அடுத்த வருஷம் குட்டி வேன் முளைக்குமா?"

"உன் மூஞ்சிய நட்டா பூசணிக்காதான் முளைக்கும். இறங்குடா. இவ யாருன்னு பாரு."

மெல்வின் குனிந்து பார்த்தான். சிரிப்பு அப்படியே அணைந்தது. தொப்பியைக் கழற்றினான்.

"ஆக்னஸ் அத்தையோட மூஞ்சி," என்றான் மெதுவாக. "லியோனாவா?"

"கிறிஸ்டின்," என்றாள் அவள்.

"உங்கம்மாகிட்ட நான் அடி வாங்கியிருக்கேன் தெரியுமா, உன்னால." அவன் குதிரையிலிருந்து இறங்கினான். "எங்க வீட்டு விருந்துன்னா செத்தவங்களுக்கு ஒரு தட்டுல கொஞ்சம் எடுத்து வெளிய வைப்போம். அத்தை எல்லாருக்கும் வைப்பாங்க, புருஷன், மகன், எல்லாருக்கும். ஒரு தடவ நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, முப்பது வருஷமாச்சு அத்தை, சின்னவளுக்கும் ஒரு தட்டு வச்சிடுங்கன்னு சொல்லிட்டேன். கரண்டியாலயே தலைல போட்டாங்க."

"ஏன்?"

"எம்பொண்ணு செத்துப் போகலடா, அவளத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, அவ வந்து எங்கையால சாப்பிடுவான்னாங்க. ஊரே சொல்லிச்சு, அத்தை கேட்கல. கடைசிவரைக்கும் உனக்குத் தட்டு வைக்கல."

காற்றில் ஈர மண்ணின் வாசனை. கிறிஸ்டின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் சொல்லிக் கொடுத்துச் சொன்னதாக அது இல்லை. கரண்டி பட்ட இடத்தை மெல்வின் இன்னும் தடவிக்கொண்டிருந்தான். பெற்ற வயிறு நாற்பத்திரண்டு வருடம் ஊர் வாயோடு சண்டை போட்டிருக்கிறது, இங்கே ஒரு மகள் அதே வருடங்களை ஒரு காகிதத்தை நம்பிக் கழித்திருக்கிறாள்.

அவள் குனிந்து காலணிகளைக் கழற்றினாள்.

"இதப் போட்டுக்கிட்டா மண்ணு விடாது, இல்ல?"

"விடாது," என்றாள் லொரிண்டா. "வழியில இரும்புத் துண்டு கிடந்தா மிதிச்சுடாத. உலகச் சண்டைக் காலத்துல பட்டாளத்துக்காரங்க இங்க குண்டு போட்டுப் பழகினாங்க, இன்னும் கிடக்கு."

"வேனை நான் பாத்துக்கறேன், டிராக்டர் கொண்டு வரேன், போங்க," என்றான் மெல்வின்.

ஒன்றரை மைலும் கணுக்கால் அளவு சேற்றில் நடந்தார்கள். இரண்டு முறை கிறிஸ்டின் வழுக்கி உட்கார்ந்தாள். இரண்டாவது முறை அவளாகவே கையை நீட்டினாள், லொரிண்டா தூக்கிவிட்டாள்.

கல்லறை என்றால் ஒரு கம்பி வேலி, பன்னிரண்டு மரச் சிலுவைகள். லொரிண்டா அம்மாவின் சிலுவை முன் உட்கார்ந்து தோள்பையைத் திறந்தாள். பொரித்த ரொட்டி, உலர்ந்த இறைச்சி, காட்டுச் செர்ரியில் கிண்டிய வொஜாபிக் கூழ், ஒரு காகிதத் தட்டு. தட்டில் வைக்கப் போனவளின் கையை கிறிஸ்டின் பிடித்தாள்.

"நான் வைக்கறேன். எப்படி வைக்கணும்?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம். உனக்கும் எடுத்துக்கோ. அவங்களோட சேந்து சாப்பிடணும்."

கிறிஸ்டின் சேறு படிந்த விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்தாள். ஒரு துண்டைத் தட்டில் வைத்தாள். மற்றதை வாயில் போட்டாள். மெல்ல முடியவில்லை. தோள் குலுங்கியது. லொரிண்டா முதுகைத் தடவிக் கொடுக்கவில்லை. நாற்பத்தேழு வருடத்து அழுகையை யாரும் அவசரப்படுத்தக்கூடாது என்று ஒதுங்கி நின்றாள்.

நெடுநேரம் கழித்து அவள் நிமிர்ந்தாள்.

"அவங்கள என்னன்னு கூப்பிடணும்?"

"இனா. நம்ம பேச்சுல அம்மான்னு அர்த்தம்."

"இனா," என்றாள் லியோனா, சிலுவையைப் பார்த்து. "நான் வந்துட்டேன்."

சூரியன் மேட்டுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டாவது ரொட்டிக்குக் கையை நீட்டினாள்.