என் கண்ணும் அப்பாவின் இடுப்பும்

இடது கண் சிவக்க நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் "மெட்ராஸ் ஐ!" என்று கத்தி, புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்கள். தலைமையாசிரியை எட்ட நின்றே, "கிட்ட வராதீங்க டீச்சர், லீவு லெட்டர வாட்ஸ்அப்புல அனுப்புங்க" என்றார்.

கண்ணைக் காட்ட மணலூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன்; அப்பா துணைக்கு வந்தார். அவ்வளவு கூட்டத்திலும் எங்கள் இருவருக்கும் மூன்று பேர் சீட்டு முழுதாகக் கிடைத்தது. அப்பா அதைத் தனக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தார்.

கண் டாக்டரம்மா கருவியில் என் தாடையை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். பீளை இல்லை. கருவிழியைச் சுற்றித்தான் சிவப்பு. வெளிச்சம் பட்டால் குத்தியெடுத்தது.

"இது மெட்ராஸ் ஐ இல்ல. கண்ணுக்குள்ள அழற்சி. யாருக்கும் ஒட்டாது" என்றவர், "காலையில எழுந்ததும் இடுப்பு பிடிச்சுக்குமா?" என்று கேட்டார்.

கண்ணைக் காட்ட வந்தால் இடுப்பை ஏன் கேட்கிறார் என்று நான் யோசிப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"பொண்ணுக்கு இல்லீங்க, எனக்குத்தான். வயசுல கரும்புக்கட்டு தூக்கினது. அதான் ரெஸ்டுல கீறேன்."

அந்தக் கரும்புக்கட்டு எங்கள் வீட்டில் பிரசித்தம். அதைச் சொல்லித்தான் அவர் பத்து மணி வரை கட்டிலை விட்டு இறங்கமாட்டார். மாடும் மோட்டாரும் அம்மா பொறுப்பு.

"படுத்திருந்தா வலி குறையுதா?"

"எங்கங்க? படுக்கப் படுக்க ஜாஸ்தியாவுது."

"நடந்தா?"

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். "நடந்தா... கம்மியாவுது" என்றார், அம்மா பக்கத்து அறையில் இருப்பதுபோலக் குரலைத் தாழ்த்தி.

இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு இருவரிடமும் இருந்தது. இது இருக்கும் எல்லோருக்கும் நோய் வந்தே தீரும் என்றில்லையாம். வந்தால் சிலருக்குக் கண்ணில், சிலருக்கு முதுகெலும்பில் வருமாம். அப்பாவின் எக்ஸ்ரேயைப் பார்த்த மூட்டு டாக்டர், அவருக்கு முதுகெலும்பில் அழற்சி என்று சொல்லி மாத்திரை எழுதி, "தினம் உடற்பயிற்சி, நடை. சும்மா படுத்தே இருக்கக் கூடாது" என்றார்.

வீட்டில் அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இத்தினி வருசமா கரும்பு மேல பழியப் போட்டுக்கினு இருந்தீங்களே!"

"ரத்தத்துலயே கீதுன்னா நான் இன்னா பண்றது?"

"நடங்க!"

எனக்குச் சிரிப்பு வந்தாலும் உள்ளூர வெட்கமாக இருந்தது. சோம்பேறித்தனம் என்று நாங்கள் கேலி செய்த வலி உண்மையாகவே இருந்திருக்கிறது.

சொட்டு மருந்தில் சில வாரங்களில் என் கண் சரியானது. கண் பாப்பாவை விரிய வைக்கும் மருந்தால் கிட்டத்து எழுத்து மட்டும் கலங்கலாகத் தெரிந்தது. பள்ளிக்குத் திரும்பிய வாரம் திருத்திய தாள்களில் மதிப்பெண் தாராளம்.

அப்பா இப்போது தினமும் விடிந்ததும் ஆற்றங்கரை வரை நடக்கிறார். எதிரே வருபவர்களை நிறுத்தி, "காலைல இடுப்பு பிடிக்குதா? கண்ணு செவக்குதா?" என்று விசாரிக்கிறாராம். அந்த நேரத்தில் ஊரில் பாதிப்பேர் வேறு வழியாகப் போகிறார்கள்.