சித்தப்பாவின் ஊருக்கு நான்கு எல்லைகள்

நான் ஒருநாளும் போகாத ஒரு பிரெஞ்சுக் கிராமத்தின் நான்கு எல்லைகளையும் இன்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வடக்கே கல் உடைக்கிற மலை. கிழக்கே காடு. தெற்கே ஆறு. மேற்கே பக்கத்து ஊர்க்காரரின் புல்வெளி. என் சொந்த ஊரின் எல்லைகளைக் கேட்டால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். மன்னார்த் தீவில் பிறந்தவளுக்கு நாலு பக்கமும் கடல்தானே என்று சொல்லித் தப்பிவிடுவது என் வழக்கம்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஐந்தாம் வகுப்புச் சுற்றாடல் பாடம். 'எனது கிராமம்' என்று ஆசிரியை கரும்பலகையில் எழுதி, அதன் கீழே அமைவிடம், எல்லைகள், தொழில், வரலாறு, மரபுரிமைகள் என்று ஐந்து தலைப்புகள் போட்டார். வகுப்பில் இருந்த அத்தனை பேரும் அதே கோயிலையும் அதே இறங்குதுறையையும் அதே பெருக்க மரத்தையும் எழுதப் போகிறார்கள் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. எதிலும் தனியாகத் தெரிய வேண்டும் என்கிற வியாதி எனக்கு அந்த வயதிலேயே இருந்தது. எனவே பிரான்சில் இருந்த சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். ஐந்து தலைப்புகளையும் வரிசையாகப் போட்டு, உங்கள் ஊரைப் பற்றி எழுதி உடனே அனுப்பவும், இதற்கு வகுப்பில் புள்ளி உண்டு என்று முடித்தேன்.

பதில் வந்தபோது பாடமும் முடிந்து பரீட்சையும் முடிந்துவிட்டது. ஆனால் சித்தப்பா நிறுத்தவில்லை. தலைப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐந்து தலைப்பும் தீர்ந்த பிறகு தலைப்பில்லாமலே எழுதினார். ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட உறை மாதத்துக்கு இரண்டு என் பெயருக்கே வரும். தபால்காரர் என்னை 'பிரான்சு மிஸ்' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்.

அந்த ஊரின் பெயரை வாயில் நுழைக்க முடியாது. எழுதும் எழுத்துகளில் பாதியைச் சொல்லும்போது விட்டுவிட வேண்டும் என்று சித்தப்பா எழுதியிருந்தார். கல் வீடுகள், கல் கூரைகள். எங்கள் கோயில் பங்கின் ஒரு தெருவில் இருக்கிற சனம்கூட அந்த ஊர் முழுவதிலும் இல்லை. நடுவில் ஒரு கல் தொட்டி. முந்தி ஊர்ப் பெண்களெல்லாம் அதில்தான் உடுப்புத் தோய்த்தார்கள். இப்போது அதில் தண்ணீர் மட்டும் வந்து போகிறது. காட்டிலே முள்ளுறைக்குள் விளைகிற ஒரு கொட்டை உண்டு. பஞ்ச காலத்தில் அதைக் காய வைத்து மாவாக்கிச் சாப்பிட்டார்களாம், பனங்கிழங்கைக் காய வைத்து இடிக்கிற எங்கள் ஒடியல் மாவைப் போல. இதெல்லாம் சித்தப்பாவுக்கு எப்படித் தெரியும் என்றால், கோயில் வாசலில் ஊர்ச் சரித்திரம் அச்சடித்த தாள் ஒன்று வைத்திருந்தார்கள். வேலை முடிந்து வந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலு வரி வாசிப்பாராம்.

வேலை என்றால் மாட்டுப் பண்ணையில் பால் கறக்கும் வேலை. இதுதான் எங்கள் வீட்டின் பெரிய இரகசியம்.

சித்தப்பா முதலில் பாரிசில்தான் இருந்தார். வேலை சரிவராமல் ஒரு கத்தோலிக்கச் சுவாமியாரின் உதவியோடு அந்தக் கிராமத்துக்குப் போனவர். அவருக்கு முப்பத்தைந்து வயதாகிவிட்டது. மூன்று இடத்தில் சம்பந்தம் பேசி, மூன்றும் குழம்பிப்போயின. பேசாலையில் ஒரு வீட்டில், 'மாடு பாக்கவோ பிரான்சுக்குப் போனவர்?' என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்கள். அப்பா அன்று வந்து போட்டிருந்த சேட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். அடுத்த சம்பந்தமும் தவறினால் தம்பி தனிக்கட்டையாகவே கிடந்துவிடுவான் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து சித்தப்பா பாரிசுக்குத் திரும்பிவிட்டார். அதாவது, எங்கள் வாயளவில்.

நானாட்டானில் இருந்து நாலாவது சம்பந்தம் வந்தது சண்டை நின்றிருந்த காலத்தில். பெண்ணின் தகப்பனார் வயற்காரர். தாய் எங்கள் தீவில் பிறந்து அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவர். பெண்ணைப் பார்க்க ஒரு வான் பிடித்துப் போனோம். அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான மாமி, வீட்டில் தனியாக விட்டால் என்ன செய்வேனோ என்ற பயத்தில் நான். பாலம் தாண்டித் தள்ளாடிச் சோதனைச் சாவடியில் இறங்கி, ஆமிக்கு அடையாள அட்டை காட்டி, நடந்து, திரும்ப ஏறினோம். ஏறியதும் மாமி என் தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

"மாடு எண்டு ஒரு சொல்லு உன்ர வாயில வரப்படாது. விளங்கினதோ?"

விளங்கியது என்று தலையாட்டினேன். உண்மையாகவே நல்ல எண்ணத்தோடுதான் ஆட்டினேன்.

நானாட்டான் வீட்டு முற்றத்தில் உழவு மெசின் ஒன்று சேறு காய்ந்தபடி நின்றது. உள்ளே சுவரில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஓர் இளைஞனின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். தேத்தண்ணீரும் பயத்தம் பணியாரமும் வந்தன. பெண்ணின் தகப்பனார் நிதானமான மனிதர். நெல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பதுபோல எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"தம்பி பாரிசில எந்தப் பக்கம் இருக்கிறார்?"

"அந்த இரும்புக் கோபுரம் இருக்கெல்லே ஐயா, அதுக்குக் கிட்ட" என்றார் அப்பா.

 பெண்ணின் தகப்பனார் குரலை உயர்த்தாமல் சொன்னார். "என்ர மச்சான்ர மகன் அங்கதான் இருந்தவன். ஒரு அறையில எட்டுப் பேராம். ஒருத்தன் வேலைக்குப் போக மற்றவன் அதே பாயில படுக்கிறதாம். மண்ணைக் கண்ணால காணேலாது எண்டு அழுதவன். என்ர பிள்ளை வயல் வெளியில வளந்தவள். குறை நினைக்கப்படாது தம்பி, எனக்கு மனம் இல்லை."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார், எழும்பப் போகிறவர்கள் செய்வதுபோல. சித்தப்பாவின் கலியாணம் போகிறதே என்ற கவலை அப்போது எனக்கு இருந்ததா என்றால், கொஞ்சம் இருந்தது. அதைவிடப் பெரிய கவலை, நான் நெட்டுருப் பண்ணி வைத்திருக்கும் ஊரை ஒருவர் இப்படிப் பிழையாகச் சொல்கிறாரே என்பது. என்னால் தாங்க முடியவில்லை.

"சித்தப்பா பாரிசில இல்லை மாமா! அவற்ர ஊருக்கு வடக்கால மலை, தெற்கால ஆறு!"

மாமியின் விரல்கள் என் தொடையைத் தேடிப் பிடித்தன. ஆனால் அணை உடைந்துவிட்டது. எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆசிரியை பழக்கிய முறைப்படி அமைவிடத்தில் தொடங்கினேன். எல்லைகள் முடிந்து தொழிலுக்கு வந்தபோது மாடும் வந்துவிட்டது. அது ஒன்றாக வரவில்லை, நாற்பதாக வந்தது.

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காது சிவந்திருந்தது. பெண்ணின் தகப்பனாரோ கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

"மண் என்ன மண் பிள்ளை?"

"கறுப்பு மண். ஆனா கல்லுத்தான் கூட."

"எத்தனை போகம்?"

"ஒண்டுதான். ஐஞ்சு மாதம் பனி கொட்டும். அப்ப மாடு வெளியில வராது. கோடையில வெட்டின புல்லைக் காய வச்சு உருட்டி வைக்கினம். ஒரு உருளை ஒரு ஆள் உயரம்."

"ஆள் உயரமோ!" என்று அவர் எழுந்து தன் தலைக்கு மேலே கையை வைத்துக் காட்டிக் கேட்டார். ஓம் என்றேன். அவர் திரும்பக் கதிரையில் இருந்தபோது அந்த முகம் வேறு முகமாக இருந்தது.

இப்போது பெண்ணின் தாய்க்குத்தான் கலக்கம். "அங்க கோயில் இருக்கோ?" என்று கேட்டார். எங்கள் மன்னார்க் கோட்டையைவிட வயது கூடிய கோயில் என்றேன். மனம் குளிர்ந்தார். ஆனால் சுவாமிமார் குறைவு, மாதத்துக்கு ஒருக்கால்தான் பூசை என்றும் உண்மையைச் சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்தார். வள்ளம் திரும்பவும் சரிகிறது என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவசரமாக, "ஆனா கோயில் திறப்பு சித்தப்பாட்டத்தான் இருக்கு. ஞாயிற்றுக்கிழமையில அவர்தான் திறந்து, தனிய இருந்து தமிழில செபமாலை சொல்லுறவர்" என்றேன். ஒரு கோயில் சாவியையே நம்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்றதும் அந்த அம்மாவின் கை நெஞ்சிலிருந்து இறங்கியது.

மரபுரிமைகளின் கடைசியில் அந்தக் கல் வரும். கோயிலுக்கு முன்னால் நிற்கிற கல்; முதலாவது உலகச் சண்டைக்குப் போய்த் திரும்பி வராத ஊர்ப் பெடியன்களின் பெயர்கள் வெட்டியது. ஒரே வீட்டுப் பெயர் நாலு தரம் வருகிறது. அதற்குப் பிறகுதான் ஊர் வெறுமையாகத் தொடங்கியது என்று சித்தப்பா எழுதியபடியே ஒப்பித்தேன். பெண்ணின் தகப்பனார் சுவரில் இருந்த மாலை போட்ட படத்தைப் பார்த்தார். "அங்கயும்தான்" என்றார். நான் சொல்ல வந்ததை முடித்துவிட்டு என் இடத்தில் இருந்தேன்.

பிறகு அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "இதை ஏன் தம்பி மறைச்சனீங்கள்?"

"மூண்டு இடம் ஐயா. மாடு எண்டவுடன எழும்பிட்டினம்."

"எழும்பினவை ஒருத்தரும் தேத்தண்ணிக்குப் பால் விடுறேல்லையோ?" என்று சொல்லி அவர் சிரித்தார். அப்பாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பொய் சொன்னது பிழை என்று எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அவர் அப்பாவின் தோளைப் பிடித்து இருத்திவிட்டு, இனிப் பிள்ளையைத்தான் கேட்க வேண்டும் என்றார்.

பிள்ளை உள்ளறையில் இருந்தார். ஆனால் கேட்கப்பட்டது நான்தான். கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு கை என்னைக் கூப்பிட்டது. நெல் மூட்டைகள் அடுக்கிய அறை. நான் நினைத்ததைவிட வயது கூடிய, நெற்றியில் இரண்டொரு நரை தெரிகிற அக்கா ஒருவர் மூட்டை ஒன்றில் சாய்ந்து நின்றார்.

"மாடுகளுக்குப் பேர் இருக்கோ?"

இது நான் நல்ல பிள்ளையாக மற்றவர்களுக்குச் சொல்லாமல் விட்ட ஒன்று. பண்ணைக்காரர் காதில் இலக்கம்தான் குத்தியிருக்கிறார். சித்தப்பா எங்கள் ஊர்ப் பெயர்களை வைத்திருக்கிறார் என்றேன். தலைமன்னாருக்குக் கொம்பு வளைவு. பேசாலை உதைக்கும். கொண்டச்சி தண்ணீரைக் கண்டால் நகராது. "நானாட்டான்தான் அக்கா எல்லாத்திலும் கூடப் பால் தாறது."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் என் தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப, உங்கட சித்தப்பா அங்க ஆரோட கதைக்கிறவர்?"

எனக்கு விடை தெரிந்திருந்தது. தெரிந்த விடையைச் சொல்வதில் எனக்கு எப்போதும் பெருமை. "அதுகளோடதான்" என்றேன்.

அவர் என் தலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு சீலையை விலக்கித் தாயைக் கூப்பிட்டு, "ஓம் எண்டு சொல்லுங்கோ அம்மா" என்றார்.

திரும்பி வரும்போது அந்த வான் முழுவதும் பெருமூச்சு. அப்பா சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு யன்னலால் தலையை நீட்டினார். பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர் மினுங்கியது, காற்று அடித்தது. அம்மா செபமாலை தொடங்க, அப்பா நடுவில் நடுவில் சிரித்தார். மாமி, தான் கிள்ளிய இடத்தைத் தானே தடவிக்கொடுத்தார். நானாட்டான் என்ற பசுவால்தான் கலியாணம் சரிவந்தது என்று நான் பள்ளிக்கூடம் முழுவதும் சொல்லித் திரிந்தேன். வெகு காலம் அதையே நம்பினேன்.

மூன்று ஞாயிறு கோயிலில் கலியாண ஓலை வாசித்தார்கள். சித்தப்பா வந்து தாலி கட்டினார். சில மாதத்தில் சித்தியும் அந்தக் கல் கூரை ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அத்தோடு என் கடிதங்கள் நின்றன.

ஒரு மாதம் பார்த்தேன். இரண்டு மாதம் பார்த்தேன். தபால்காரர் என்னைக் கண்டால் சைக்கிளை மிதித்தபடியே உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. 'உங்கள் ஊரைப் பற்றி எழுத ஒன்றும் மிச்சமில்லையா?' என்று ஒரு வரி எழுதிப் போட்டேன். வந்த பதில் ஒரு பட அட்டை. முன்பக்கம் அந்தக் கல் தொட்டி. பின்பக்கம் சித்தப்பாவின் கையெழுத்தில்: 'எவ்வளவோ இருக்குப் பிள்ளை. இப்ப நேரம் கிடைக்குதில்லை. உன்ர சித்தி வாய் ஓயிறதில்லை.'

அந்தக் கடிதங்கள் இப்போதும் என் அலுமாரியில் இருக்கின்றன. போன மாதம் எடுத்து எல்லாவற்றையும் வாசித்தேன். மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, செத்தவர்களின் பெயர் வெட்டிய கல் இருக்கிறது. அத்தனை பக்கத்திலும் ஒரு மனிதர் சித்தப்பாவிடம் ஒரு சொல் சொன்னதாக இல்லை. பண்ணைக்காரர்கூட ஒரு தொப்பியாகத்தான் தூரத்தில் வந்து போகிறார்.

அன்றைக்கோ நான் அட்டையைச் சுவரோடு எறிந்துவிட்டு, சித்தி வந்து எல்லாவற்றையும் கெடுத்துப்போட்டார் என்று விக்கி விக்கி அழுதேன். அம்மா அட்டையை எடுத்துப் பின்பக்கத்தை வாசித்தார். கடைசி வரியை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு என்னைச் சமாதானப்படுத்தாமல், மாதா சுருவச் சிலைக்கு முன்னால் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தினார்.

"அது என்னத்துக்கு?" என்று அழுகையை நிறுத்தாமலே கேட்டேன்.

"ஒண்டுமில்லை, சும்மா" என்றார் அம்மா. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடிதம் வராததுக்கு எவராவது மாதாவுக்குத் திரி கொளுத்துவார்களா என்று எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது.