தராசுக்காரர் மகளை எடை போட்ட கதை

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் 'தராசு அண்ணன்'. எடைமெஷின் பழுது பார்ப்பவர். பத்து கிராம் பிசகினாலும் நாலு பேர் முன்னால் கடைக்காரரின் மானத்தை வாங்கிவிடுவார்.

அன்று ஆஸ்பத்திரியின் மானத்தை வாங்கக் கிளம்பினார். பதினைந்து வயது மகளுக்கு நான்கு மாதமாக மாதவிலக்கு இல்லை, தட்டைக் கிளறிவிட்டு எழுந்துவிடுகிறாள் என்று மனைவிதான் இழுத்து வந்திருந்தாள். நர்ஸ், மகளுக்கு ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிவிட்டு எடை பார்த்தார்.

"சிஸ்டர், உங்க மெஷின் மூணு கிலோ கம்மியா காட்டுது. நேத்துதான் வீட்ல நானே பாத்தேன்."

"கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" என்றாள் மனைவி.

அவரா இருப்பார்? கையோடு வைத்திருந்த தொழில்பெட்டியைத் திறந்தார். ஒரு கிலோ எடைக்கற்கள் மூன்றும் இல்லை. அதே நேரம், மகள் கழற்றிப் போட்ட துணிகளை மனைவி எடுத்து உதற, ணங், ணங், ணங் என்று மூன்றும் தரையில் விழுந்தன.

டாக்டரம்மா மகளைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் நாடி பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

"எடையை மட்டும் வச்சு நாங்க முடிவு பண்றதில்ல. குண்டாயிடுவோமோன்னு பயம் எப்ப வந்துச்சும்மா? அப்பா வெளிய இருக்கட்டுமா?"

"வேணாம், இங்கயே இருக்கட்டும். அவரும் கேக்கட்டும். எட்டாவது லீவுல கூடவே கூட்டிட்டுப் போவாரு. எடைக்கல்ல மறந்துட்டேன்னு என்னைத் தூக்கி மெஷின்ல நிப்பாட்டுவாரு. 'என் பொண்ணு அம்பத்திரண்டு கிலோ, கிராம் பிசகாது'ம்பாரு. கடையே சிரிக்கும்."

கல்லை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. முதல் கடையில் தமாஷ் எடுபட்டது. அதனால் பதினோரு கடையில் ஏற்றினார்.

"அது ஒண்ணுதான் காரணம்னு சொல்லிட முடியாதுங்க," என்றார் டாக்டர். அந்த இரக்கத்தைத்தான் தராசு அண்ணனால் தாங்க முடியவில்லை. "ஆனா இது பிடிவாதம் இல்ல, நோய். பசி இருக்கு, சாப்பிடத்தான் பயம். அட்மிட் பண்ணிடலாம். எடையை இனி நாங்க பாத்துக்கறோம். நம்பர் அவளுக்குத் தெரிய வேண்டாம்."

கற்களைப் பொறுக்கக் குனிந்தவர், நிமிர வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் வார்டில் மகளை மெஷினில் ஏற்றி, நம்பருக்கு முதுகு காட்டி நிற்கவைத்தார் நர்ஸ். எதிரே தராசு அண்ணன்.

"அப்பா, எவ்ளோ காட்டுது?"

"கண்ணாடி எடுத்துட்டு வரலம்மா."

கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது. மகள் அதைப் பார்த்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.