மழை பேஞ்சாப் போறேன்னாளாம்

ஆத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா, ஒரு சித்திரை மாத உச்சிவெயிலில், நாமகிரிப்பேட்டைக்கு அருகே இருந்த எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்து சேர்ந்தாள். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அம்மா பற்றுப் போட்டாள். யார் அடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

எனக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் வாழாமல் வந்துவிட்ட வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? வந்த பேச்சுகளெல்லாம் பாதியில் நின்றன. அப்பா களத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தபடியே இருந்தார். கடைசியில் ஊர்ப் பெரியவரைக் கூட்டி வந்தார்.

"ஏனம்மிணி, எப்பப் பொறப்படறே?" என்றார் பெரியவர்.

அக்கா வானத்தைப் பார்த்தாள். கிணறுகள் வறண்டு கிடந்த வருடம் அது.

"மழை பேஞ்சாப் போறனுங்க."

போக ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நினைத்து அவர் எழுந்து போனார். அதன்பின் எங்கள் வீட்டில் எவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. ஊரே மழைக்காக ஏங்கியபோது அம்மா மட்டும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள். கொல்லிமலைப் பக்கம் கறுத்தால் போதும், அக்கா அடுப்படிக்கும் வாசலுக்குமாக அலைவாள். உலையில் அரிசி குழைந்துபோகும்.

ஆடியில் லேசாகத் தூறியது. பெரியவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"இதுங்களா மழை? தூத்தலுங்க" என்றாள் அக்கா.

ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது. பெரியவர் முழுக்க நனைந்து வந்து நின்றார்.

"இப்ப என்ன சொல்றே, அம்மிணி?"

"பள்ளத்துல வெள்ளம் போவுதுங்க. வண்டி எப்படிப் போவும்? மழை நின்னாப் போறனுங்க."

பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சந்தையில் யாரிடமோ அதைச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரமே கிணற்றடியில் அது பழமொழியாகிவிட்டது. நடக்காத காரியம் எதுவானாலும், 'மழை பேஞ்சாப் போறேன்னாளாம், பேஞ்சா நின்னாப் போறேன்னாளாம்' என்றார்கள். அக்கா குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிடுவாள்.

மழை விட்டதும் அவள் புருஷனே வண்டி பூட்டிக்கொண்டு வந்தார். அவர் வாசலில் கால் வைத்ததும் அக்கா தன் இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். அப்பா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு அப்பா சொன்னார்:

"இருந்து சாப்புட்டுட்டுக் கெளம்புங்க மாப்பிள்ளை. புள்ள வராது."

அவர் சாப்பிடாமலே போனார். மறு தையில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம்.

பிறகு ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் என்னைக் கேட்டு வந்தார். அக்காவைப் பற்றி அவர்கள் வீட்டில் எதுவும் விசாரிக்கவில்லை. கல்யாணமாகிச் சூரமங்கலத்துக்கு வந்துவிட்டேன்.

யுத்த காலம். அரிசி கிடைப்பதே பாடு. ஒருநாள் சந்தையில் கீரைக்காரம்மாவிடம், மண்ணெண்ணெய் எப்போது வரும் என்று யாரோ கேட்க, அவள் சிரித்துக்கொண்டே அந்தப் பழமொழியைச் சொன்னாள். நான் கூடையைக் கீழே வைத்தேன்.

"இந்தப் பேச்சு எங்கிருந்து வந்துச்சுங்க?" என்றேன்.

"அது ரொம்பப் பழசுங்க. முந்தி ஒரு ராசாத்தி இருந்தாளாம். எதிரி ராசாவுக்குக் கட்டிக்குடுக்கப் பாத்தாங்களாம். அவ இப்படிச் சொல்லியே காலத்த ஓட்டிப்புட்டாளாம்."

அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன்: வீங்கிய கை, ஆடித் தூறல், அப்பா சொன்ன வார்த்தை. கீரைக்காரம்மா ஒரு கீரைக்கட்டை எடுத்து என் கூடையில் வைத்தாள்.

"நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டுங்க. ஆனா ராசாத்தி கதைதான் நல்லாருக்குதுங்க."

ரயில்வே குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் வழியில் போகாமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். அங்கிருந்து எதற்கென்று தெரியாமல் மறுபடி சந்தைக்கே வந்தேன். கீரைக்காரம்மா கடையைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். ஊரில் அக்கா அந்நேரம் எங்கள் அப்பாவின் கடலைக் காட்டில் ஆள் விட்டுக் களை எடுத்துக்கொண்டிருப்பாள்.