அப்பா இல்லாத பூர்வோத்தரம்

எங்க அப்பா கரையான்சாவடியில பொட்டி கடை வெச்சிருக்காரு. இப்படிச் சொன்னா எல்லாரும் பீடி, பாக்கு, வாழைத்தார் தொங்குற கடைன்னுதான் நினைப்பாங்க. பள்ளிக்கூடத்துல டீச்சரும் அப்படித்தான் நினைச்சாங்க. நான் திருத்தல. பொய் ஒண்ணும் சொல்லலியே, பொட்டி விக்கிறாரு, அப்போ பொட்டி கடைதானே? அவரு விக்கிறது சவப்பொட்டி. பலகை அறுத்து, ரெக்ஸின் ஒட்டி, மேல சிலுவை அடிச்சு, சின்ன லோடு வண்டியில ஏத்திக்கினு போய் சாவு வீட்டுல எறக்கிட்டு வருவாரு. வண்டிக்கு ரெண்டு பக்கமும் சிவப்பு பெயின்ட்டுல ‘சவப்பெட்டி கிடைக்கும்’னு பெருசா எழுதியிருக்கும். எங்க அம்மாவுக்குப் பொட்டி செஞ்சதும் அவருதான். அதைப் பத்தி எழுத எனக்கு மனசு வரல.

அந்தத் தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. பொட்டியை எறக்கிட்டு ‘வரேன்’னு சொல்லக் கூடாது. பொட்டிக்காரன் மறுபடி வரேன்னு சொன்னா எந்த வீட்டுல பொறுத்துக்குவாங்க? கடைக்கு வந்து வாங்கிட்டுப் போறவங்ககிட்டயும் ‘போயிட்டு வாங்க’ கிடையாது. தலையை ஆட்டிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு.

கடைக்கு மேல பலகை அடுக்குற ரூம் ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு, சாப்பிட்டு, மத்தியானம் அங்கதான் எங்க ஆட்டம். நான், என்கூட அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை பாக்குற பசங்க ரெண்டு பேர், அப்புறம் அவன். அவன்னா நான் கட்டிக்கிறதா இருந்தவன். வெள்ளானூர்ல பழைய குடும்பம், ஒரு காலத்துல நெல்லு போட்ட நிலத்துல இப்ப வாடகைக்கு வீடு கட்டி விட்டிருக்காங்க. இந்த ஆட்டத்தை எங்களுக்குக் கத்துக்குடுத்ததே அவன்தான்.

கம்ப்யூட்டர்ல ஆடுறது இல்ல இது, வாயால ஆடுறது. ஒருத்தர் கதையை ஓட்டணும். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கணும், மந்திரவாதி, திருடன், வாள் வீரன்னு. ஜெயிப்பானா தோப்பானான்னு தெரியாத எடத்துல பகடை உருட்டணும். எங்களுக்கு டேபிள் எல்லாம் கிடையாது. பொட்டி மூடி ஒண்ணைக் கவுத்துப் போட்டு அதுமேல உருட்டுவோம். உள்பக்கம் பஞ்சு வெச்சுத் தெச்சிருக்கிறதால பகடை எகிறி ஓடாது.

ஆட்டத்துக்கு முன்னாடி, உன் ஆளு இதுவரைக்கும் யாரா இருந்தான்னு நீ முடிவு பண்ணணும். ஆட்டத்தோட விதி புஸ்தகத்துல ரெடிமேடா சிலது இருக்கும், துறவி, மாலுமி, பிரபு வீட்டுப் பிள்ளைன்னு. பிடிக்கலன்னா அதுல ஒண்ணை உருவிட்டு இன்னொண்ணை வெச்சு நமக்குத் தோதா மாத்திக்கலாம். நாங்க அதுக்கு பூர்வோத்தரம்னு பேர் வெச்சிருந்தோம். “டேய், உன் ஆளோட பூர்வோத்தரம் இன்னாடா?”ன்னு போலீஸ்காரர் மாதிரி அதட்டிக்குவோம். மாலுமியை எடுத்துட்டு ஏரி மதகுல காவல் இருந்தவன். பிரபு பிள்ளையை எடுத்துட்டு பூ மார்க்கெட்ல மூட்டை தூக்கினவன். எனக்கு ஆட்டத்தை விட இந்த வேலைதான் பிடிக்கும். ஒரு ஆளை அக்குவேறா ஆணிவேறா பிரிச்சு மறுபடி பூட்டுற வேலை.

ஆனா ஒண்ணு. எல்லார் பூர்வோத்தரத்துலயும் அப்பா அம்மா செத்திருப்பாங்க. அதுதான் எங்க மூடியோட சட்டம். நான் எப்பவாவது ஒரு அப்பாவை உசுரோட வெச்சா அவன் விட மாட்டான். “தூக்கிடு. அப்பா இருந்தா கதை நகராது. ஆளு ஊட்லயே குந்திக்குவான்”னு சொல்லுவான். நானும் சிரிச்சுக்கினே தூக்கிடுவேன்.

நாலு மணிக்கு அப்பா ஃப்ளாஸ்க்குல டீ எடுத்துக்கினு வருவாரு. ஒருநா நின்னு கேட்டுட்டு, “இன்னாபா, உங்க ஆட்டத்துல ஒருத்தனுக்குக் கூட அப்பன் கீறானா இல்லியா?”ன்னாரு. அவன்தான் பதில் சொன்னான். “அப்பா இருந்தா கதை நகராது அங்கிள்.” அப்பா விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம், “சரி, எனக்கும் ஒரு ஆளு போடு”ன்னாரு. சும்மா தமாசுக்குத்தான்.

“பூர்வோத்தரம் இன்னா அங்கிள்?”

“டிரைவரு. ஆளுங்கள ஏத்திக்கினு போய் ஊட்ல எறக்கி உடுவான். எறக்கி உட்டுட்டு, ‘வரேம்மா’ன்னு சொல்லிட்டுப் பூடுவான்.”

“அவ்ளோதானா? சக்தி எதுனா வோணாவா?”

“அதான்பா சக்தி”ன்னுட்டு எறங்கிப் போயிட்டாரு. பசங்க சிரிச்சாங்க. ‘வரேன்’ எங்க அப்பாவுக்கு எவ்வளவு பெரிய வார்த்தைன்னு எனக்குத் தெரியும்.

போன மழைக்காலத்துல அவனோட அம்மா என்னைப் பாக்கணும்னு சொன்னாங்க. அந்த ஞாயித்துக்கிழமை பசங்க ரெண்டு பேரும் வரல. நாங்க ரெண்டு பேர்தான் மேல. அவன் மூடி மேல பகடையை உருட்டி உருட்டி எடுத்துக்கினே இருந்தான்.

“வேதக்காரப் பொண்ணுன்றதை எப்படியோ ஒத்துக்க வெச்சுட்டேன். சவப்பொட்டின்னா அம்மா தாங்காது. நல்லது கெட்டது ரொம்பப் பாக்கும். உனக்கு அம்மா இல்லன்னு அதுக்குத் தெரியும். அப்பாவும் இல்லன்னு சொல்லி வெச்சிருக்கேன். சித்தி வீட்ல வளந்தேன்னு சொல்லிடு.”

“இன்னா சொன்ன?”

“ஒரே ஒரு விஷயம்தானே மாத்துறோம். மீதி எல்லாம் நீதான். கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்.”

பாவி, ஆட்டத்துல சொல்ற அதே குரல்ல சொன்னான். ஒண்ணை உருவிட்டு இன்னொண்ணை வெச்சுக்கோன்னு. எழுந்து போய்க் கதவைத் தொறந்தேன். மேல்படியில டீ ஃப்ளாஸ்க் இருந்துச்சு. அப்பாவைக் காணோம். கடையில பொட்டி கேட்டு யாரோ வந்திருப்பாங்க, அவசரமா எறங்கிட்டாருன்னு நினைச்சேன்.

வெள்ளானூருக்குப் போற அன்னைக்குக் காலையிலேந்தே மழை. மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்டதுல பூந்தமல்லி ரோடே சேறு, ஆவடி பஸ் வர மாதிரி தெரியல. “நான் உட்டுட்டு வரேன் கண்ணு, தெருமொனையில எறங்கிக்க”ன்னாரு அப்பா. வண்டியை ரெண்டு பக்கமும் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாரு. பலகை எதுவோ ஏத்தியிருக்காரு போலன்னு விட்டுட்டேன். வழியெல்லாம் எனக்குள்ள ஒரே யோசனைதான். அப்பா இல்லன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்? சொல்லலன்னா அவன் போயிடுவான். சொன்னா இந்த மனுஷன் போயிடுவாரு. பக்கத்துல உக்காந்து அவரு பாட்டுக்குக் கண்ணாடியைத் துடைச்சுக்கினு ஓட்டினாரு. ஆவடி தாண்டியும் எனக்கு முடிவு வரல.

தெருமுனையில முட்டி அளவு தண்ணி. நல்ல புடவை கட்டியிருந்தேன். அப்பா ஒண்ணும் கேக்காம வண்டியை உள்ள விட்டு, நேரா அவங்க கேட்டாண்டயே நிறுத்திட்டாரு. அவங்க அம்மா குடை பிடிச்சுக்கினு வெளிய நிக்கிறாங்க. பக்கத்துல அவன்.

“வாம்மா, வா. நனைஞ்சுடாத”ன்னாங்க. அப்புறம் அப்பாவைப் பாத்து, “இது யாரு?”ன்னாங்க.

நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள அப்பா சொல்லிட்டாரு. “லோடு வண்டிம்மா. பஸ்ஸு ஒண்ணும் வர்ல. மேடம் மழையில நின்னுகினு இருந்தாங்க, ஏத்திகினு வந்தேன்.”

மேடம். பொறந்ததுலேந்து கண்ணுன்னு கூப்பிட்ட வாய். அப்பதான் தார்ப்பாயைத் திரும்பிப் பாத்தேன். வண்டிக்குள்ள ஒரு துண்டுப் பலகை கூட இல்ல. எழுத்தை மறைக்கத்தான் கட்டியிருந்தாரு.

நான் அவனைப் பாத்தேன். இப்பவாவது சொல்லுவான், இத்தனை வருஷம் அந்த மனுஷன் கையால டீ குடிச்சிருக்கான், ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். அவன் பர்ஸை எடுத்தான்.

“எவ்ளோண்ணா ஆச்சு?”

அண்ணாவாம். அங்கிள் அங்கிள்னு வாய் நிறையக் கூப்பிட்டவன்.

“ரிட்டன் காலியாத்தான் சார் போவணும். பாத்துக் குடுங்க”ன்னாரு அப்பா. அப்படியே டிரைவர் மாதிரியே தலையைச் சொறிஞ்சுக்கினு கேட்டாரு. அவன் குடுத்தான், இவரு வாங்கி சட்டைப் பையில வெச்சாரு. அவங்க அம்மாவைப் பாத்து நல்லா சிரிச்சாரு. “வரேம்மா.”

அவரு யார் வீட்டு வாசல்லயும் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்ல. அந்த வார்த்தையிலதான் எனக்கு எல்லாம் ஒடைஞ்சு போச்சு.

“இருப்பா!”ன்னு கத்தினேன். தெருவே திரும்பிப் பாத்திருக்கும். “ஆண்ட்டி, இவரு டிரைவர் இல்ல. எங்க அப்பா.”

அவங்க முழிச்சாங்க. “அப்பா இல்லன்னு சொன்னானே?”

“இருக்காரு. கரையான்சாவடியில பொட்டி கடை வெச்சிருக்காரு.”

அவங்க முகம் எவ்வளவு நல்லா மாறுச்சு தெரியுமா! “அட, இதுக்கா மறைச்சீங்க? எங்க மாமாகூட பொட்டிக் கடைதான். பீடி வித்தே ரெண்டு பொண்ணைக் கட்டிக் குடுத்தாரு. உள்ள வாங்கண்ணா, மழையில நிக்காதீங்க.”

அதோட விட்டிருக்கலாம். வாயை மூடிக்கினு உள்ள போயிருக்கலாம். பள்ளிக்கூடத்துல விட்ட மாதிரி. அப்பா கூட கண்ணாலயே வேணாம்னாரு.

“அந்தப் பொட்டி இல்ல ஆண்ட்டி. சவப்பொட்டி”ன்னேன்.

அவங்க என்னைத் திட்டல. தார்ப்பாயைப் பாத்தாங்க, குடையை அவன் கையில குடுத்துட்டு உள்ள போனாங்க. ஒரு சொம்பு தண்ணியோட வந்து, எங்க வண்டி நின்ன எடத்துக்கு முன்னாடி, கேட்டுக்கு நேரா ஊத்தினாங்க. தெரு முழுக்கத் தண்ணி, மேலேந்தும் தண்ணி, அதுல இன்னொரு சொம்பு. ஊத்திட்டு கேட்டைச் சாத்திக்கினாங்க. அந்தம்மா மேல எனக்குக் கோவம் இல்ல. அவங்க பயம் அவங்களுக்கு. அவன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு, “ஏன் இப்படிக் கெடுத்த?”ன்னு கேட்டான் பாருங்க, அவன் மேலதான் இன்னைக்கும் வயிறு எரியுது. “நீ வேற ஆளைப் போட்டு ஆடிக்கோ”ன்னுட்டு வண்டியில ஏறிட்டேன். அதுக்கப்புறம் அந்த மூடி மேல யாரும் பகடை உருட்டல.

ஆவடி வந்துச்சு. நான் அழுதுக்கினே, “படியில நின்னு கேட்டியா?”ன்னேன். தலையை ஆட்டினாரு.

“நல்லாத்தானே சொன்னேன் கண்ணு? அந்தம்மா நம்பிட்டாங்கல்ல?”

“நம்பிட்டாங்கப்பா.”

“அப்பன் இருந்தா கதை நகராதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் நான் நகந்துகினேன்”னாரு. ரோட்டையே பாத்துக்கினு இருந்தாரு. “நீ ஏன் கண்ணு என்னிய திருப்பி இட்டாந்த?”